தளர்வு நிறமாலையில் தெரியும் மேடுகளை உடனே நம்பாதீர்கள்

மண்டபம், பாம்பன் பக்கம் மூங்கில் மிதவையில் பாசி கட்டுகிறவர்களிடம் 'பெப்சி பாசி' என்றால் சட்டென்று தெரியும். கப்பாபைகஸ் என்ற பெயரெல்லாம் என்னைப் போல ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான். 45 நாளில் அறுத்துக் காயவைக்கும் அந்தப் பாசியிலிருந்து கராகீனன் என்ற, தண்ணீரை ஜெல்லாக உறையவைக்கும் பொருளை எடுக்கிறார்கள். அதில் செய்த ஜெல்லை ரியோமீட்டரில் (பொருளைத் தட்டுகளுக்கிடையே வைத்து ஆட்டி அதன் விறைப்பை அளக்கும் கருவி) அளந்து ரிப்போர்ட் தருவது என் வேலை.

சில வருடங்களுக்கு முன் ஒருவர் இரண்டு பேட்ச் கராகீனன் கொண்டுவந்தார். ஜெல்லின் உறுதி எண் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் ஒன்று மட்டும் ஒரு ராத்திரியில் தண்ணீர் கக்கியது. அளந்தேன், சாஃப்ட்வேரில் தளர்வு நிறமாலை போட்டேன். கக்கிய பேட்சில் இரண்டு மேடு, நல்ல பேட்சில் ஒன்று. 'இரண்டு விதமான தளர்வு நடக்கிறது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

தளர்வு என்றால் என்ன? சாயங்காலம் விண்ணென்று இழுத்துக் கட்டிய படகுக் கயிற்றைக் காலையில் அழுத்திப் பாருங்கள், விறைப்பு குறைந்திருக்கும். முடிச்சு நழுவியிருக்காது, உள்ளே இருந்த இழுவிசைதான் மெல்லக் கரைந்திருக்கும். (நைலான் நனைந்தாலும் நெகிழும், அது வேறு கதை.) இப்படிக் கரைவதற்கு ஒரே ஒரு தளர்வு நேரம் வைத்து 1867-இல் இயற்பியலாளர் மேக்ஸ்வெல் கணக்கெழுதினார். நிஜப் பொருளில் ஒரு நேரம் போதாது. மில்லிநொடியில் தளர்வதும் இருக்கும், மணிக்கணக்கில் தளர்வதும் இருக்கும். எந்த நேரத்துக்கு எவ்வளவு பங்கு என்று காட்டும் கோடுதான் தளர்வு நிறமாலை.

அந்தக் கோட்டை எந்தக் கருவியும் நேரடியாக அளப்பதில்லை. கருவி அளப்பது எல்லாத் தளர்வும் கலந்த மொத்தத்தை. விடியற்காலையில் பத்துப் பதினைந்து வல்லம் சேர்ந்து கரைக்கு வரும்போது, இரைச்சலை மட்டும் கேட்டு எத்தனை வல்லம் என்று சொல்லச் சொன்னால் ஒருவர் பன்னிரண்டு என்பார், இன்னொருவர் ஒன்பது என்பார். கேட்ட சத்தத்தோடு இரண்டுமே பொருந்தும். இங்கேயும் அதே சிக்கல்தான்: அளவீட்டில் இரண்டு சதவீதப் பிசிறு இருந்தாலே, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல நிறமாலைகள் அதே தரவுக்குப் பொருந்திவிடும். அதனால் டிக்கோனோவ் முறை போன்றவற்றில் கோட்டை வழுவழுப்பாக்க ஓர் அளவுருவைச் சேர்க்கிறோம். அதைக் குறைத்தால் மேடுகள் முளைக்கும், கூட்டினால் எல்லாம் ஒன்றாகிவிடும். என் இரண்டாவது மேடு அப்படி முளைத்ததுதான். அளவுருவைக் கொஞ்சம் கூட்டியதும் காணாமல் போனது.

இன்னொரு தப்பும் செய்திருந்தேன். ஜெல் திரவமல்ல, எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் கொஞ்சம் விறைப்பு மிஞ்சும். அந்த மிச்சத்தைக் கணக்கில் தனி எண்ணாக வைக்காவிட்டால், சாஃப்ட்வேர் அதை நீண்ட நேர ஓரத்தில் ஒரு பொய் மேடாகத் தள்ளிவிடும். நிறமாலையின் ஓரத்தில் மேடு தெரிந்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஓரங்களே பொதுவாக நம்பத் தகாதவை. ஜெல்லை ஆட்டும் அதிர்வெண்ணை நொடிக்கு 0.1 முதல் 100 ரேடியன் வரை மாற்றி அளந்தால், 0.01 முதல் 10 நொடி வரையுள்ள தளர்வு நேரங்கள் தெரியும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். 1997-இல் டேவிஸ், ஆண்டர்சன் என்ற இரண்டு கணிதவியலாளர்கள் காட்டிய கணக்குப்படி இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஐந்து மடங்கு சுருங்கும். அதாவது சுமார் 0.05 முதல் 2 நொடி வரைதான். 100 நொடித் தளர்வைப் பார்க்க வேண்டுமென்றால் மிகக் குறைந்த அதிர்வெண்ணில் ஒரு சுற்றுக்கே ஐம்பது நிமிடம் ஆகும். எங்கள் ஊர்க் கச்சான் காற்றில் அதற்குள் ஜெல்லின் விளிம்பு காய்ந்துவிடும். விளிம்பைச் சுற்றிப் பாரஃபின் எண்ணெய் பூசுவோம், தட்டில் வழுக்காமல் இருக்கச் சொரசொரப்பான தட்டு போடுவோம். பாலிமர்க்காரர்கள் செய்வதுபோல வெப்பநிலையை மாற்றி அளந்து, அந்த அளவீடுகளை ஒரே கோடாக ஒட்டவைக்கலாமே என்று கேட்பார்கள். சூடேற்றினால் கராகீனன் ஜெல்லின் கட்டமைப்பே மாறி உருகிவிடும், அந்தக் குறுக்குவழி இங்கே ஆகாது. நீண்ட நேரத்துக்கு, ஒரே தடவை இழுத்துப் பிடித்து விசை குறைவதைப் பார்க்கும் சோதனை மேல்.

இப்போதெல்லாம் ஒரே கராகீனன் மாவிலிருந்து மூன்று முறை ஜெல் போட்டு அளக்கிறேன். அப்புறம் தரவில் செயற்கையாகப் பிசிறு கலந்து நூறு தடவை கணக்கைத் திரும்ப ஓட்டுகிறேன். எல்லாவற்றிலும் நிற்கிற மேட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ரிப்போர்ட் வாங்குகிறவர்கள் மூலத் தரவையும் கேட்டு வாங்குங்கள். கொடுக்கத் தயங்கினால் கோடு மட்டும் உங்களுக்கு எதற்கு?

அந்தப் பழைய ரிப்போர்ட்டைத் திருத்தி அனுப்பியதும் போன் வந்தது. "அப்போ தண்ணி ஏன்ணே கக்குது?" இந்தத் தரவை வைத்துச் சொல்ல முடியாது என்றேன். ஜெல்லை ராத்திரி மூடி வைத்துக் காலையில் வடிந்த தண்ணீரை நிறுக்கவும், இரண்டு பேட்சிலும் பொட்டாசியம் எவ்வளவு என்று பார்க்கவும் சொன்னேன்.