வயிற்றைச் சிறிதாக்கிய பிறகு மீண்டும் பெரட்டுக்கு

எடை குறைப்புச் சத்திரசிகிச்சை முடித்து வருகிறவர்கள் என் மேசைக்கு முன் உட்கார்ந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "மெடிக்கல் எத்தனை நாளைக்குத் தருவீங்க?" என்பதுதான். ஒப்பரேஷன் கொழும்பிலோ கண்டியிலோ நடந்திருக்கும். அப்புறம் தையல் பார்ப்பதும் மருந்து மாற்றுவதும் சான்றிதழ் எழுதுவதும் ஊரில் இருக்கிற எங்களைப் போன்ற குடும்ப வைத்தியர்கள் தலையில்தான் விழும். நானும் பல காலம் அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று வாரம் அல்லது ஆறு வாரம் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, ஸ்டாம்பும் குத்திக் கொடுத்துவிடுவேன். இப்போது அப்படிச் செய்வதில்லை. அதற்குக் காரணம் தேயிலை பெக்டரியில் வேலை செய்யும் ஒருவர். (இங்கே வருகிற எல்லாருடைய அடையாளங்களையும் கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன்.)

அவருக்கு நாற்பதைத் தாண்டிய வயது. எடை 120 கிலோவுக்கு மேல். நீரிழிவும் பிரஷரும் இருந்தன. இரவில் மூச்சு நின்று நின்று வரும் குறட்டை வேறு. இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்து, மிச்சத்தைக் குழாய் மாதிரி ஆக்கிவிடும் ‘ஸ்லீவ்’ முறையில் செய்திருந்தார்கள். மூன்றாம் வாரம் ஆள் நன்றாகவே இருந்தார். "இலகுவான வேலை கொடுக்கவும்" என்று எழுதி அனுப்பினேன்.

பெக்டரியில் அவருக்குக் கிடைத்த இலகுவான வேலை, மேல்மாடியில் கொழுந்து வாட்டும் தொட்டிகளைப் பார்த்துக்கொள்வது. எதையும் தூக்க வேண்டியதில்லை, உண்மைதான். ஆனால் பின்னேரம் வந்து சேர்ந்த கொழுந்து வாடி, அதை உருட்டும் ரோலருக்கு இறங்க நள்ளிரவு தாண்டிவிடும். அதுவரை படியில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். சாப்பாட்டு நேரம் தலைகீழாகிவிட்டது. தண்ணீர் குடிக்க மறந்துபோய், விடியற்காலை நாலு மணிக்குச் சீனி போட்ட சாயத்தண்ணியை (பாலில்லாத தேத்தண்ணி) ஒரு மக் நிறைய வெறும் வயிற்றில் இறக்கியிருக்கிறார். ஐந்தாம் நாள் தலை சுற்றிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். என்னிடம் கூட்டிவந்தபோது நாக்கு காய்ந்து மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. முந்தின நாள் ராத்திரியிலிருந்து சிறுநீர் போகவில்லை. போதாததற்கு, பிரஷர் மாத்திரையைப் பழைய அளவிலேயே போட்டுக்கொண்டிருந்தார். எடை குறையும்போது பிரஷர் மாத்திரையும் நீரிழிவு மாத்திரையும் கூடவே குறைய வேண்டும். அதைப் பார்க்காமல் விட்டது நான்தான்.

அன்றிலிருந்து சான்றிதழ் கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "உங்கள் வேலை நாளை எனக்குச் சொல்லுங்க" என்றுதான். எத்தனை மணிக்கு எழும்புவீங்க, எந்த பஸ், உட்கார இடம் கிடைக்குமா, தேத்தண்ணி எத்தனை மணிக்கு, சாப்பிட எத்தனை நிமிடம், கழிப்பறை எவ்வளவு தூரம். பத்து நிமிடம் கூடுதலாகப் போகும். வெளியே காத்திருக்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். பரவாயில்லை.

வாரக்கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். துளை போட்டுச் செய்த சத்திரசிகிச்சை, சிக்கல் எதுவும் இல்லை என்றால், மேசை வேலைக்கு இரண்டு மூன்று வாரத்தில் திரும்பலாம். நாள் முழுக்க நிற்கிற வேலைக்கு மூன்று நான்கு வாரம். சுமை தூக்கும் வேலைக்குக் குறைந்தது ஆறு வாரம். வெளியே பார்த்தால் சின்னச் சின்னத் தழும்புகள்தான், ஒரு வாரத்தில் ஆறிவிடும். உள்ளே வயிற்றுச் சுவரின் தசை ஒட்டிப் பலமாவதற்குத்தான் நாள் எடுக்கும். அதற்குள் பாரம் தூக்கினால் அந்தத் துளை வழியே குடல் பிதுங்கி நிற்கக்கூடும். தனியார் கடை, அலுவலக ஊழியர்களுக்கு வருடத்தில் 14 நாள் வருடாந்த லீவும் திடீர்த் தேவைக்கு எடுக்கிற 7 நாள் அமயலீவும் உண்டு. இரண்டையும் முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொண்டால் மேசை வேலைக்காரர் ஒருமாதிரி சமாளித்துவிடலாம்.

கொழுந்து பறிக்கிற அம்மாவுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. உண்மையைச் சொன்னால், இந்தச் சத்திரசிகிச்சை செய்துகொண்டு என்னிடம் வருகிறவர்களில் மலையில் வேலை செய்பவர்கள் குறைவு. ஆசிரியர்கள், கடை வைத்திருப்பவர்கள், தோட்ட ஆபீஸில் இருப்பவர்கள், பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பவர்கள்தான் அதிகம். சில அரசாங்க வைத்தியசாலைகளிலும் செய்கிறார்கள் என்றாலும் அங்கே போய்வர நாள்கணக்கில் பேர் விழாமல் போகுமே. பேர் என்றால் எங்கள் பக்கம் முழுநாள் சம்பளம். இத்தனை கிலோ பறித்தால் முழுப்பேர், இல்லாவிட்டால் அரைப்பேர்.

அப்படி வந்த ஓர் அம்மாவிடம் எட்டு வாரம் மலைக்குப் போக வேண்டாம் என்று சொன்னேன். செங்குத்தான மலையில் குனிந்து நிமிர்ந்து, மழைநாளில் ஈரக் கொழுந்தைச் சாக்கில் கட்டித் தலையில் வைத்து கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குக் கொண்டுபோகிற வேலை அது. "சரிங்க டாக்டரம்மா" என்று தலையாட்டிவிட்டு, ஐந்தாம் வாரமே, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் நின்றுவிட்டார். கேட்டால், "அரைப்பேராவது விழுமே அம்மா. ஒங்க மெடிக்கல வச்சுக் கடைக்கடனக் கட்ட முடியுமா?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஒன்று செய்ய முடிந்தது. தோட்டத் தொழிற்சங்கத் தலைவரையும் கங்காணியையும் கூப்பிட்டுப் பேசி, கொஞ்ச நாள் கொழுந்தை மடுவத்துக்குத் தூக்கும் வேலையை மட்டும் மகனிடம் விடச் செய்தோம்.

அதற்குப் பிறகு மலையில் வேலை செய்கிறவர்களிடம் இன்னொன்றும் சொல்கிறேன். ஒப்பரேஷன் தேதியைத் தள்ளிப்போட முடிந்தால் கொழுந்து குறைந்த மாதமாகப் பார்த்துக் கேளுங்கள். ஹட்டன், நுவரெலியாப் பக்கம் தை, மாசி வறட்சியில் எப்படியும் கொழுந்து குறைவுதான். சித்திரை, வைகாசியில் மழை விழுந்து கொழுந்து பொங்குகிற நேரத்தில் ஒருவரை வீட்டில் உட்கார வைக்க யாராலும் முடியாது.

இனி தேத்தண்ணிக்கு வருவோம். இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் பேச வேண்டும், ஏனென்றால் நமக்கு விடிவதே அதில்தான்.

ஆசிரியை ஒருவர். குடலையும் மாற்றி இணைக்கும் ‘பைபாஸ்’ செய்து எட்டு மாதம். எடை நன்றாக இறங்கியிருந்தது, நீரிழிவு மாத்திரையே நின்றுவிட்டது. ஆனால் படியேறினால் மூச்சு வாங்குகிறது, நகம் வெளுத்திருக்கிறது. இரத்தத்தைச் சோதித்தால் ஹீமோகுளோபின் விழுந்து கிடக்கிறது. இரும்புச்சத்து மாத்திரை ஒழுங்காகப் போடுவதாகச் சத்தியம் செய்தார். வெற்று அட்டைகளைக்கூடக் கைப்பையில் இருந்து எடுத்துக் காட்டினார், பொய்யில்லை. "எதோட முழுங்குவீங்க டீச்சர்?" என்று கேட்டேன். "தேத்தண்ணியோடதான். காலையில பச்சத் தண்ணி பல்லுல படமுடியாது டாக்டர், அவ்வளவு குளிர்."

தேயிலைச் சாயத்தில் உள்ள டானின் இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேர விடாது. பைபாஸ் செய்தவருக்கு இரும்பை உறிஞ்சும் மேற்குடல் ஏற்கனவே வழியில் இல்லை. எட்டு மாதமாக அந்த மாத்திரையில் பாதிக்கு மேல் வீணாகத்தான் போயிருக்கும். இப்போது அவர் தலைமாட்டில் சின்ன ஃபிளாஸ்க்கில் இளஞ்சூட்டுத் தண்ணீர் வைத்துக்கொள்கிறார். எழும்பியதும் மாத்திரை, தேசிக்காய் பிழிந்த தண்ணீர். தேத்தண்ணி பள்ளிக்கூடத்துக்குப் போய், குறைந்தது ஒரு மணிநேரம் கழித்து. கல்சியம் மாத்திரையையும் இரும்போடு சேர்க்கக்கூடாது, இரண்டு மணிநேரமாவது இடைவெளி வேண்டும். அதை அவர் ராத்திரிக்கு மாற்றிக்கொண்டார். இந்த விற்றமின்கள், பி12 உட்பட, ஆயுள் முழுக்கப் போட வேண்டியவை. எடை குறைந்ததும் நிறுத்திவிடுகிறவர்கள் பலர். இரண்டு வருடம் கழித்துக் கால் மரத்துப்போய் வருவார்கள்.

இதே டீச்சருக்கு இடைவேளையில் இன்னொரு கூத்தும் நடந்தது. யாருக்கோ பிறந்தநாள், ஸ்டாஃப் ரூமில் கேக். "ஒரு வாய்தானே, எங்களுக்காக" என்று ஊட்டியே விட்டிருக்கிறார்கள். அடுத்த பாடவேளை தொடங்குவதற்குள் நெஞ்சு படபடத்து, வியர்த்து, வயிற்றைப் புரட்டி ஓட வேண்டியதாகிவிட்டது. சீனி சட்டென்று குடலுக்குள் கொட்டும்போது வருகிற கோளாறு இது. சிலருக்கு உடனே வராமல், ஒன்றிலிருந்து மூன்று மணிநேரம் கழித்து இரத்தச் சீனி விழுந்து நடுக்கமாக வரும். சீனி போட்ட சாயத்தண்ணியும் அதே வேலையைத்தான் செய்யும், கேக் மட்டுமல்ல.

வேலையிடத்துச் சாப்பாட்டில் நான் அதிகம் சண்டை போடுவது ரொட்டியோடு. கோதுமை மாவு ரொட்டி நமக்குச் சோறு மாதிரி, தெரியும். ஆனால் சின்ன இரைப்பையில் அது மாவு உருண்டையாகச் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். முதல் இரண்டு மாதத்துக்கு அது வேண்டவே வேண்டாம். அவித்த முட்டை, கெட்டியாகக் கடைந்த பருப்பு, டின்மீன், தயிர் என்று புரதத்தை முதலில் சாப்பிட்டுவிட்டு, இடம் இருந்தால் மற்றது. ஒரு நாளைக்கு 60 கிராமாவது புரதம் சேர வேண்டும். நல்ல முட்டை ஒன்றில் ஆறு கிராம்தான் இருக்கிறது, கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கோப்பைச் சாப்பாட்டுக்கு இருபது நிமிடம் வேண்டும். இடையில் தண்ணீர் கூடாது, சாப்பிட்டு அரைமணி கழித்துத்தான். மேலதிகாரியிடம் கேட்க வேண்டிய முதல் சலுகை இதுதான் என்பேன்: ஒரே நீண்ட சாப்பாட்டு நேரத்துக்குப் பதிலாக மூன்று சின்ன இடைவேளை.

தண்ணீர் எங்கள் ஊரில் தனிப் பிரச்சினை. 1,800 மீற்றருக்கு மேலே, சனவரிக் காலையில் புல்லில் பனி வெள்ளையாக உறைந்து கிடக்கும் நுவரெலியாவில் யாருக்குத் தாகம் எடுக்கிறது? அதோடு மலையில் கழிப்பறை கிடையாது, பல பள்ளிக்கூடங்களில் இருப்பதும் போகிற மாதிரி இல்லை. பெண்கள் தண்ணீரைக் குறைத்துக்கொள்வது இதனால்தான். வயிறு சிறிதானவர் ஒரே மூச்சில் அரை லீட்டர் குடித்து ஈடுசெய்யவும் முடியாது. மடக்கு மடக்காக, நாள் முழுக்க, ஒன்றரை லீட்டராவது போக வேண்டும். இன்னொன்று, எடை இறங்கியவர்களுக்குக் குளிர் முன்பைவிட அதிகமாக உறைக்கும். உடம்பில் இருந்த போர்வை போய்விட்டது, வேறென்ன. ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளுங்கள்.

பஸ் பயணம் பற்றி: முதல் மாதத்தில் காலில் இரத்தம் கட்டும் ஆபத்து உண்டு. கிளினிக்குக்குக் கொழும்பு போகிறவர்கள் நாலு மணிநேரம் ஒரே சீட்டில் மடங்கி உட்கார்ந்திருக்கக் கூடாது. வழியில் இறங்கி நடங்கள். கினிகத்தேனை வளைவுகளில் வாந்தி வருகிறவர்கள் முன்கூட்டியே அதற்கு மாத்திரை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாகனம் ஓட்டுகிறவர்கள், வலியில்லாமல் பிரேக்கை ஓங்கி மிதிக்க முடிகிற வரை ஓட்ட வேண்டாம். உடம்பு வலி என்று பார்மசியில் டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபன் வாங்கிப் போடாதீர்கள், இரைப்பையில் புண் வரும்; பரசிட்டமோல் போதும். சம்பளநாள் சாராயம் முன்பு ஏறியதைவிட மடங்கு வேகத்தில் ஏறும். மூன்றாம் மாதத்துக்கு மேல் முடி கொட்டும், பயந்துவிடாதீர்கள், பெரும்பாலும் திரும்ப வளரும்.

வாந்தி மட்டும் விடாமல் இருந்தால் அலட்சியம் கூடாது. நாலைந்து நாள் எதுவும் தங்கவில்லை என்றால் விற்றமின் பி1 வற்றத் தொடங்கும். அப்படியே விட்டால் நடை தள்ளாடும், பார்வை இரட்டையாகும். நம்மவர்கள் எதற்கும் "ஒரு சேலைன் ஏத்திக்கிட்டா சரியாயிரும்" என்று பக்கத்துக் கிளினிக்குக்குப் போவார்கள். பி1 கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும். எங்கே போனாலும் என்ன ஒப்பரேஷன் செய்தீர்கள் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். அதேபோல் முதல் வாரங்களில் காய்ச்சல், நாடி 120க்கு மேல் ஓடுவது, அடங்காத வயிற்றுவலி, இடது தோள் வலி, மூச்சு வாங்குவது, ஒற்றைக் கால் வீங்குவது, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உள்தையல் கசிவதோ இரத்தக் கட்டோ இருக்கலாம்.

கடைசியாக வாய்கள். எங்கள் பக்கம் ஒருவர் சட்டென்று மெலிந்தால் சீனி வியாதி என்பார்கள், அதற்கு மேல் புற்றுநோய் என்பார்கள். "என்னா இப்படி வத்திப்போயிட்ட?" என்று பஸ் ஸ்டாண்டில் நிறுத்திக் கேட்பார்கள். சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். சான்றிதழில் நான் "வயிற்றுச் சத்திரசிகிச்சை" என்று மட்டும்தான் எழுதுகிறேன். ஆபீஸுக்கு அதற்கு மேல் தெரிய வேண்டியதில்லை.

அந்த பெக்டரிக்காரர் போன மாதம் வந்திருந்தார். ஆறு மாதத்தில் முப்பத்திரண்டு கிலோ குறைந்திருந்தது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர். "கெஞ்சிக் கேட்டு ட்ரையர் பக்கம் மாத்திக்கிட்டேன் டாக்டர், அங்கதான் சூடு" என்றார். நல்லதுதான், ஆனால் அந்தச் சூட்டில் வியர்க்குமே, தண்ணீர்? பையில் இருந்து ஒரு பழைய சோடாப் போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். பக்கவாட்டில் மார்க்கரால் கோடு கோடாக இழுத்து, ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் மணி எழுதியிருந்தது: பத்து, பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று. நாலு மணிக் கோட்டுக்குப் பக்கத்தில் மட்டும் "சாயத்தண்ணி இல்லை" என்று மகளின் கையெழுத்து.