கிளிப் போடுவதற்காகப் பல் கழற்றினால் முகம் ஒடுங்குமா?

புதுக்குடியிருப்பு, மல்லாவி, ஒட்டுசுட்டான் பக்கங்களிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிவரும் பெற்றோர் பலர் கிளிப் போட உடனே சம்மதிக்கிறார்கள். அதற்கு முன் நான்கு பற்களைக் கழற்ற வேண்டும் என்றதும் தயங்குகிறார்கள். வெளிநாட்டு உறவினர் அனுப்பிய காணொளியொன்றில், பல் கழற்றினால் கன்னம் ஒட்டி, நாடி உள்ளே போய், முகமே முதிர்ந்துவிடும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அந்தப் பயம் முழுவதும் வீண் என்று நான் சொல்லமாட்டேன்.

வழமையாகக் கழற்றப்படுவது வேட்டைப் பல்லை அடுத்துள்ள முதலாம் முன்கடைவாய்ப் பல். அகலம் ஏறத்தாழ 7 மில்லிமீற்றர். அந்த இடைவெளி எதற்குச் செலவாகிறது என்பதைப் பொறுத்தே முகம் மாறும். பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் வாயில் பெரும்பகுதி இடம் நெருக்கத்தைத் தீர்ப்பதிலேயே முடிந்துவிடுவதால் உதட்டின் நிலை அதிகம் மாறுவதில்லை. நெருக்கமின்றி முன்பற்கள் மிதந்திருப்பவருக்கோ அவை பின்னே இழுக்கப்படும்போது உதடுகளும் கூடவே பின்வாங்கும். மூக்குக்கும் மேலுதட்டுக்கும் இடையிலான கோணம் விரியும். வாயை மூடுவதற்கே நாடித்தசையை இறுக்க வேண்டியிருந்த பிள்ளைக்கு இது பெரிய நன்மை, அத்தகைய முகங்கள் நம்மிடையே அரிதுமல்ல. ஆனால் உதடு ஏற்கெனவே மெலிந்து, மூக்கும் நாடியும் எடுப்பாக இருப்பவருக்கு அதே சிகிச்சை வாய்ப்பகுதியைக் குழிவாகக் காட்டக்கூடும். மூக்கும் நாடியும் பதின்ம வயதின் பிற்பகுதியிலும் வளரும், உதடு வயதோடு மெலியும் என்பதையும் கணக்கில் எடுத்தே எவ்வளவு பின்னிழுப்பது என்று தீர்மானிக்க வேண்டும்.

கன்ன எலும்பு இதனால் சுருங்குவதில்லை. இரண்டு ஆண்டு சிகிச்சைக்குள் பிள்ளையின் குழந்தைக் கொழுப்பு கரைந்து முகம் நீள்வதைப் பலர் கிளிப்பின் வேலை என்று நினைத்துவிடுகிறார்கள். சிரிப்பின் அகலம் குறையும், தாடை மூட்டு நோய் வரும் என்பவற்றுக்கும் ஆய்வுகளில் ஆதரவில்லை. இந்த விவாதம் புதிதுமல்ல: அமெரிக்காவில் பல் சீரமைப்பு மருத்துவத்தின் முன்னோடியான எட்வேட் ஆங்கிள் பல் கழற்றுவதை எதிர்த்தார், அவருடைய மாணவர் சார்ள்ஸ் ருவீட், கழற்றாமல் சிகிச்சை செய்த தம் நோயாளரின் முகங்களில் நிறைவு காணாமல், கழற்றும் முறைக்கு மாறினார்.

எனக்கு அதிகக் கவலை தருவது வேறொன்று. பல்லைக் கழற்றிவிட்டு, அறுவடை, மழை, பஸ் இல்லை என்று மாதாந்தச் சந்திப்பைப் பலமுறை தவறவிட்டால் இடைவெளி சரியாக மூடாது. அயற்பற்கள் அதற்குள் சரிந்துவிடும். அதனால் தொடர்ந்து வரமுடியுமா என்பதை முதலில் வீட்டில் பேசி முடியுங்கள். பக்கவாட்டுத் தலை எக்ஸ்ரேயும் பல் அச்சும் எடுக்காமல் கழற்றச் சொன்னால், ஏன் என்று கேளுங்கள். பல் கழற்றுவதற்குப் பதிலாக, பல்லின் வெளிப்பூச்சான எனாமலை மெல்லத் தேய்ப்பது, தாடையை விரிப்பது, சிறு திருகாணி கொண்டு கடைவாய்ப் பற்களைப் பின்தள்ளுவது ஆகியவற்றில் ஏதாவது பொருந்துமா என்றும் விசாரியுங்கள்.

விழப்போகும் பல்தானே என்று சூத்தையான பாற்கடைவாய்ப் பல்லை நேரத்துக்கு முன்பே கழற்றுவது இங்கே இன்னும் வழக்கம். அப்படிக் கழற்றினால் பின்னாலுள்ள நிரந்தரப் பல் முன்னே நகர்ந்து, முளைக்கவிருக்கும் பல்லின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பாடசாலைப் பல் சிகிச்சை நிலையத்தில் அதை உரிய நேரத்தில் அடைப்பித்தால், சில பிள்ளைகளுக்குப் பின்னாளில் நிரந்தரப் பல்லைக் கழற்றும் தேவையே வராது.