நட்சத்திர மீனின் பாதத்துக்குள் ஒரு கடல்

மட்டக்களப்பின் கல்லடிக் கரையில் இழுக்கும் கரைவலையில் சில வேளைகளில் மீனோடு மீனாக நட்சத்திர மீனும் ஏறுகிறதே, கூப்பிடு தூரத்திலுள்ள வாவியில் அது ஏன் அகப்படுவதில்லை என்று காத்தான்குடி மாணவி ஒருவர் கேட்டிருந்தார். உலகில் அறியப்பட்ட நட்சத்திர மீன் இனங்கள் ஏறத்தாழ 1,900. அவற்றுள் ஒன்றுகூட நன்னீரில் வாழ்வதில்லை.

முட்தோலிகளான இவற்றுக்கு உடலின் உப்பைச் சீராக்கும் சிறுநீரகம் போன்ற உறுப்பு கிடையாது. உடல் திரவம் ஏறக்குறையக் கடல்நீரேதான். மாரி மழையில் வாவியின் உப்பு இறங்கும்போது நீர் உடலுக்குள் புகுந்து கலங்களை வீங்கச் செய்துவிடும். பால்டிக் கடலின் மேற்குப் பகுதியில் உப்புக் குறைந்த நீரையும் தாங்கி வாழும் இனம் அரிதான விதிவிலக்கு.

அந்தக் கடல்நீரைக் கொண்டே அது நடக்கவும் செய்கிறது என்பதுதான் வியப்பு. கடல்நீர் உட்புகும் மேற்புறச் சல்லடைத் தட்டு, அந்நீரைக் கொண்டுசெல்லும் வளையக்குழாய், புயங்களுக்குள் ஓடும் ஆரைக்குழாய்கள் ஆகியவை பாடப்புத்தகத்தில் உள்ளவையே. புயத்தின் அடிப்புறப் பள்ளத்தில் நெருங்கி நிற்கும் குழாய்ப் பாதங்களையே உற்றுப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பாதத்துக்கும் மேலே, கண்மருந்துக் குழாயின் றப்பர் முனைபோல் ஒரு குமிழ் உண்டு. அது சுருங்கினால் நீர் கீழிறங்கிப் பாதம் நீளும், பாதத்தின் தசை சுருங்கினால் நீர் குமிழுக்கே திரும்பும். பாறைவாழ் இனங்களின் பாதநுனியிலுள்ள தட்டு உறிஞ்சித்தான் ஒட்டுகிறது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. உண்மையில் பெரும்பங்கு பசையினுடையது. ஒருவகைச் சுரப்பி பசையைச் சுரக்க, மற்றொருவகை அந்தப் பிடியைத் தளர்த்தும் பொருளைச் சுரக்கிறது. கண்ணாடியில் ஒட்டிய பாதம் எழுந்தபின் அதில் பசையின் தடம் மட்டும் எஞ்சும்.

மணலில் ஒட்டுவதற்கு என்ன இருக்கிறது? ஆகவே மணலில் புதைந்து வாழும் அஸ்ட்ரோபெக்டன் பேரினத்தின் பாதங்கள் தட்டில்லாமல் கூர்மையாக, தோண்டுவதற்கென்றே அமைந்துள்ளன. அது சிறு சிப்பிகளை முழுதாக விழுங்கும். பாறைவாழ் இனங்கள் பலவோ சிப்பியின் ஓட்டைச் சற்றே இழுத்துத் திறந்து, அந்த இடுக்கினூடே தம் இரைப்பையை உள்ளே செலுத்திச் சமிபாடடையச் செய்யும். முட்கிரீட நட்சத்திர மீன் இரைப்பையைப் பவளத்தின் மேலேயே விரித்து, வெறும் வெள்ளை எலும்புக்கூட்டை விட்டுச் செல்கிறது. ஆழ்கடலில் பிரிசிங்கிட் வகையினர் நீண்ட புயங்களை நீரோட்டத்தில் உயர்த்தி, மிதந்து வரும் துகள்களைப் பிடித்து உண்கின்றனர். நியூசிலாந்துக்கு அப்பால் மூழ்கிய மரத்துண்டுகளில் கண்டெடுக்கப்பட்டு 1986இல் விவரிக்கப்பட்ட சைலோபிளாக்ஸ் என்னும் நட்சத்திர மீனுக்குப் புயங்களே இல்லை. ஒரு சென்ரிமீற்றருக்கும் குறைந்த வட்டம்தான்.

இறாலுக்கும் நண்டுக்கும் ஒதுக்கப்படும் ஆய்வு நிதியில் சிறு பங்காவது, கரைவலையில் கழித்து எறியப்படும் உயிர்களைப் பதிவுசெய்ய கிழக்குப் பல்கலைக்கழக, தென்கிழக்குப் பல்கலைக்கழக விலங்கியல் மாணவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பாசிக்குடாவிலிருந்து பொத்துவில் வரை இதைச் செய்யப் பெரிய கருவிகள் தேவையில்லை. கைவில்லையும் மதுசாரப் போத்தல்களும் போதும். நிறத்தை உயிரோடிருக்கும்போதே குறித்துக்கொள்ள வேண்டும், மதுசாரத்தில் அது மங்கிவிடும். புய விளிம்பின் தட்டுகளும் முட்களும் அப்படியே இருக்கும், இனத்தை அறிய அவையே முதன்மையானவை.