இரட்டை வீட்டில் முதல் பாதியைக் கட்டுபவர் அறிய வேண்டியவை

கடலூரில் கூத்தப்பாக்கம் பக்கத்து மனைப்பிரிவுகளில் அகலம் குறைந்த மனையை வாங்கியவர்களும், திருப்பாதிரிப்புலியூரின் பழைய தெருக்களில் தகப்பனார் மனையைப் பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பிகளும், நடுவில் ஒரே சுவரை வைத்து இரு பக்கமும் வீடு கட்டிக்கொள்ளலாம் என்று பேசி முடிப்பதுண்டு. ஒருவர் கையில் பணம் இருக்கிறது; மற்றவர் கடனுக்குக் காத்திருக்கிறார். முதலாமவர் தமது பாதியை மட்டும் எழுப்பிவிடுகிறார். அந்த நடுச்சுவர் யாருடையது என்ற கேள்வி, பக்கத்து மனை கைமாறும் நாள் வரை எழுவதேயில்லை.

தேசிய கட்டட விதித்தொகுப்பு, 2016, இத்தகைய வீட்டை மூன்று பக்கம் திறந்தவெளி கொண்ட கட்டடம் என்று வரையறுக்கிறது. ஆனால் அது ஒரு முன்மாதிரித் தொகுப்பு மட்டுமே. 2021ஆம் ஆண்டு மாநகராட்சியான கடலூரில், அனுமதிக்கு அடிப்படையாக இருப்பது தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019. தொடர் கட்டடப் பகுதி, அதாவது வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் பகுதி, என்று வகைப்படுத்தப்பட்ட இடங்களில் பக்க இடைவெளி தேவையில்லை. மற்ற இடங்களில் மனையின் அகலத்தையும் கட்டடத்தின் உயரத்தையும் பொறுத்து இடைவெளி மாறும். குறுகிய மனைக்கு ஒரு பக்கம் விட்டால் போதும் என்ற சலுகையும் உண்டு. ஆகவே எல்லையை ஒட்டிச் சுவர் எழுப்பலாமா என்பதை, பக்கத்து மனைக்காரரின் சம்மதத்தைக் கொண்டல்ல, உங்கள் மனை எந்த வகையில் அடங்குகிறது என்பதைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும். அவர் எழுதிக் கொடுக்கும் சம்மதக் கடிதத்தால் விதி தளராது.

2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்கு மிகாமல் தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீடு கட்ட, சுயசான்று முறையில் ஒற்றைச் சாளர இணையதளம் வழியே உடனடி அனுமதி பெறலாம். இரட்டை வீட்டின் ஒரு பாதி பெரும்பாலும் இந்த அளவுக்குள் வந்துவிடும். இங்கே ஒரு எச்சரிக்கை தேவை: விதிகளுக்கு உட்பட்டே கட்டுகிறேன் என்று உறுதி கூறுபவர் நீங்கள்தான், வரைபடம் தவறாக இருந்தால் அதன் பொறுப்பும் உங்களையே சேரும். பக்கத்தில் பிற்பாடு வரப்போகும் வீட்டை மனத்தில் வைத்து இன்று இடைவெளியைக் குறைத்துக் காட்ட முடியாது.

அனுமதி கிடைத்துவிட்டால் சுவர் மீதான உரிமையும் தீர்ந்தது என்று எண்ணுவது பரவலான தவறு. அது வேறு சட்டத்தின் கீழ் வரும் விஷயம். இந்திய வசதியுரிமைச் சட்டம், 1882, பக்கத்து நிலத்தின் மண் உங்கள் நிலத்தைத் தாங்கி நிற்பதை இயல்பான உரிமையாக ஏற்கிறது. ஆனால் நிலம் அதன் இயற்கை நிலையில் இருக்கும் வரைதான். அதன்மேல் வீட்டின் பாரத்தை ஏற்றிய பிறகு, அந்தக் கூடுதல் பாரத்துக்கான தாங்கல் உரிமையை 15ஆம் பிரிவின்படி 20 ஆண்டுகள் தடையின்றி, அமைதியாக, வசதியுரிமையாக அனுபவித்த பின்னரே கோர முடியும். வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் அதே 20 ஆண்டுகள்தாம். காலி மனைதானே என்று நடுச்சுவரில் வைத்த ஜன்னலைப் பக்கத்துக்காரர் பத்தாம் ஆண்டில் தமது சுவரால் மறைத்தால், அதைத் தடுக்க உங்களிடம் ஒன்றுமில்லை. அவர் அனுமதித்துதான் அந்த ஜன்னலை வைத்தீர்கள் என்றால் அந்த 20 ஆண்டுக் கணக்கே தொடங்காது. ஒரே உரிமையாளர் இரண்டு பாதிகளையும் கட்டி ஒன்றை விற்றிருந்தால் நிலைமை வேறு: அப்போது தாங்கல் உள்ளிட்ட வெளிப்படையான, தொடர்ந்து அனுபவித்துவந்த வசதிகள் 13ஆம் பிரிவின்படி விற்பனையோடு சேர்ந்தே வரும். முதல் பாதியை மட்டும் கட்டுபவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

எனவே என் கருத்தில், பொதுச்சுவரைவிட, தமது மனைக்குள்ளேயே முழுச்சுவரை எழுப்பி, பின்னால் வருபவர் தமது சுவரைத் தனியே கட்டிக்கொள்ள விடுவதே நல்லது. ஒன்பது அங்குலம் இடம் போகிறதே என்ற மனக்குறை இருக்கும், அதை ஏற்றுக்கொள்ளலாம். இதிலும் அஸ்திவாரத்தைக் கவனிக்க வேண்டும். எல்லையோரத் தூணுக்கு வழக்கமான ஃபுட்டிங் (தூணுக்கு அடியில் அகலமாக விரியும் அஸ்திவாரப் பகுதி) போட்டால் அது மண்ணுக்கடியில் பக்கத்து மனைக்குள் நீளும், அது அத்துமீறலே. தூணை ஃபுட்டிங்கின் ஒரு விளிம்பில் நிறுத்தி, உட்புறத் தூணுடன் ஸ்ட்ராப் பீம் கொண்டு இணைக்கும் முறையைப் பொறியாளரிடம் கேட்டு வாங்க வேண்டும். தேவனாம்பட்டினம் போன்ற மணற்பாங்கான இடத்தில், பின்னால் வருபவர் உங்கள் ஃபுட்டிங்கைவிட ஆழமாகத் தோண்டினால் மணல் சரியும் என்பதால், ஆழத்தையும் இப்போதே எழுத்தில் வைத்துக்கொள்வது உதவும். வேலை தொடங்கும் முன் புலவரைபடத்தைக் கொண்டு சர்வேயரை வைத்து அளந்து கல் நட்டுவிடவும்.

பொதுச்சுவர்தான் வேண்டும் என்று இருவரும் உறுதியாக இருந்தால், அதைப் பத்திரமாக எழுதிப் பதிவு செய்யுங்கள். அசையாச் சொத்தில் நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள உரிமையை உருவாக்கும் ஆவணம், பதிவுச் சட்டம், 1908இன் 17ஆம் பிரிவின்படி கட்டாயம் பதிவு செய்யப்பட வேண்டும். வெள்ளைத்தாளில் எழுதிய ஒப்பந்தம் உறவினருக்குள் மதிப்புப் பெறலாம். மனையை வாங்கும் மூன்றாம் மனிதரை அது கட்டுப்படுத்தாது. பதிவான பத்திரமோ வில்லங்கச் சான்றில் அவர் கண்ணில் படும். சுவரின் நடுக்கோடு எல்லைக்கோடா, செலவில் பாதியை அவர் எப்போது தருவார், எத்தனை தளத்துக்குப் பாரம் ஏற்றலாம், பீம் செருகத் துளையிடலாமா என்பவை அதில் இடம்பெற வேண்டும். பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதும் குடும்பம் இதே வாசகங்களை அதிலேயே சேர்த்துக்கொண்டால் இன்னொரு பத்திரம் தேவைப்படாது.

கடைசியாக, காத்திருக்கும் காலம். நடுச்சுவரின் வெளிமுகம் மழையைத் தாங்கும்படி கட்டப்படாமல் விடப்படுவதுதான் வழக்கம். 2011 டிசம்பரில் தானே புயலையும் 2024 நவம்பரில் ஃபெஞ்சல் புயலையும் கண்ட இந்தக் கடலோரத்தில் பூசாத செங்கல் சுவரில் ஓதம் இறங்கும். எல்லையைத் தாண்டி சன்ஷேடு நீட்ட முடியாது. மாடி நீரையும் அந்தப் பக்கம் விழவிட முடியாது. சாரம் கட்டிப் பூச்சு வேலையை முடிக்க, பக்கத்து மனைக்காரரிடம் நாள் குறிப்பிட்ட எழுத்து அனுமதியை, அவர் அஸ்திவாரம் தோண்டத் தொடங்கும் முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு அங்கே ஆள் நிற்கக்கூட இடமிருக்காது.