கூட்டுப் புதைகுழியைக் கையால் தோண்டினால் எதை இழக்கிறோம்? மஹாவில் முதல் செட்னாயா வரை

2003 மே மாதம். சதாம் உசேன் ஆட்சி கவிழ்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன. ஈராக்கின் ஹில்லா நகருக்கு அருகிலுள்ள மஹாவிலில், சதாமுக்கு எதிரான 1991 எழுச்சியின்போது கொன்று புதைக்கப்பட்டவர்களைத் தேடி மக்கள் திரண்டார்கள். கையாலும் மண்வெட்டியாலும் தோண்டினார்கள். மண் அள்ளும் இயந்திரமும் இறங்கியது. 2,000-க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் வெளியே வந்தன. அவற்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை யாருடையவை என்று தெரியாமலே மறுபடி புதைக்கப்பட்டன. பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்த தாய்மார்களை இதற்குக் குறை சொல்வது அநியாயம். குழிகளுக்குக் காவல் போடாத அமெரிக்கத் தலைமையிலான ஆக்கிரமிப்புப் படைகள்தான் பதில் சொல்ல வேண்டும்.

2024 டிசம்பர் 8-இல் சிரியாவில் அசத் ஆட்சி வீழ்ந்ததும் செட்னாயா சிறையில் அதே தவிப்பைப் பார்த்தோம். பூட்டுகள் உடைந்தன, நிலவறை தேடித் தரையை உடைத்தார்கள், கைதிகளின் பதிவேடுகள் காலடியில் மிதிபட்டன. சிரியாவில் காணாமல் ஆக்கப்பட்டோர் ஒரு லட்சத்துக்கும் மேல். அவர்களில் பலருக்கு அந்தத் தாள்கள்தான் கடைசிச் சாட்சி.

வளர்ந்த ஒருவரின் உடலில் 206 எலும்புகள். ஒன்றன்மேல் ஒன்றாக உடல்களைக் கொட்டிய குழியில், எந்த எலும்பு யாருடையது என்பதை முதலில் சொல்வது அது கிடக்கும் நிலைதான். அள்ளிக் குவித்துவிட்டால் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக மரபணுச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். அதற்கு ஏராளமான பணமும் காலமும் ஆகும். விரல் எலும்புகள், கழன்ற பற்கள், தோட்டா, கையைக் கட்டிய கம்பி எல்லாம் மண்ணோடு போய்விடும். சட்டையை வைத்து அடையாளம் சொல்வதும் ஆபத்து. சிறையில் ஒருவர் உடை இன்னொருவர் மேல் இருக்கும். தவறான உடலை ஒரு குடும்பம் அடக்கம் செய்தால், இன்னொரு குடும்பம் ஆயுள் முழுக்கத் தேடும். சிரியாவில் இன்னொரு சிக்கலும் உண்டு: டமாஸ்கஸ் அருகிலுள்ள குதைஃபா புதைகுழியின் உடல்களை அசத் அரசு லாரிகளில் துமைர் பாலைவனத்துக்கு ரகசியமாக மாற்றியதை 2025-இல் ராய்ட்டர்ஸ் வெளிக்கொணர்ந்தது. அப்படி இயந்திரத்தால் அள்ளி இடம் மாற்றும்போது ஒரே மனிதரின் எலும்புகள் இரண்டு இடங்களில் கிடக்க வாய்ப்பு உண்டு.

ஆகவே எலும்பு தென்பட்டால் அங்கேயே நிற்க வேண்டும். ஐஎஸ் அமைப்பு பின்வாங்கிய இடங்களில் கண்ணிவெடிகளும் இருக்கும். தொலைவில் நின்று நான்கு திசையிலிருந்தும் படமெடுத்து, கைபேசியில் இருப்பிடத்தைக் குறித்து, காணாமல் போனோருக்கான அதிகார அமைப்பிடம் சொல்ல வேண்டும். சிரியாவில் 2025 மே மாதம் இதற்கென ஒரு தேசிய ஆணையம் அமைக்கப்பட்டது.

ஆவணங்களை வீட்டுக்குக் கொண்டுபோவது நல்ல நோக்கத்தில் நடக்கும் பெரிய சேதம். மழையோ தீயோ நெருங்கினால் மட்டும் எடுக்கலாம். அதற்கு முன் கிடந்த இடத்திலேயே படமெடுத்து, கட்டின் வரிசை கலையாமல், யார் எப்போது எடுத்தார் என்று எழுதி வையுங்கள். பெயர்ப் பட்டியலை ஃபேஸ்புக்கில் போடாதீர்கள். மகன் இறந்த செய்தி ஒரு தாய்க்கு அப்படிப் போய்ச் சேரக் கூடாது.

குடும்பம் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, தகவல் தருவது. உயரம், பழைய எலும்பு முறிவு, இல்லாத பல், உடலில் வைத்த உலோகத் தகடு, கடைசியாகப் பார்த்த நாள், உடன் இருந்த கைதிகளின் பெயர். முன்பற்கள் தெரியச் சிரிக்கும் படம் ஒன்று இருந்தால் எந்த அடையாள அட்டைப் படத்தையும்விட அது பயன்படும்.

அடுத்து மரபணு மாதிரி. கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்த பஞ்சுக் குச்சியோ, அட்டையில் இட்ட சில சொட்டு ரத்தமோ போதும். யாருடையது என்பதுதான் முக்கியம். தாய், தந்தை இருவருடையதும் கிடைத்தால் மிக நல்லது. பிள்ளைகளுடையதை எடுக்கும்போது மனைவியுடையதையும் சேர்த்து எடுக்க வேண்டும். மனைவியுடையது மட்டும் பயன்படாது. உடன்பிறந்தவர்கள் என்றால் ஒருவர் போதாது. ஈராக்கின் மோசூலில் 2014-இல் ஐஎஸ் அமைப்பால் கடத்திக் கொல்லப்பட்ட 39 இந்தியத் தொழிலாளர்களின் உடல்கள் பாதூஷ் மண்மேட்டுக்கு அடியில் கிடைத்தபோது இது கண்கூடானது. 2018 மார்ச்சில் 38 பேரின் மரபணு முழுமையாகப் பொருந்தியது. ஒருவருடையது மட்டும் 70 விழுக்காட்டில் நின்றது. அவருடைய பெற்றோர் உயிரோடு இல்லாததால் மற்ற உறவினர்களின் மாதிரிதான் கையில் இருந்தது. வயதான பெற்றோரின் மாதிரியை, புதைகுழி திறக்கும்வரை காத்திராமல் இப்போதே எடுத்துவிட வேண்டும். ஈரம் படாமல் வைத்தால் ரத்த அட்டை பல ஆண்டுகள் தாங்கும்.

அவசரப்படுத்தும் அரசியல்வாதிகளையும், பணம் கேட்கும் இடைத்தரகர்களையும் நம்ப வேண்டாம். ஐஎஸ் அமைப்பு கொன்று குவித்த ஈராக்கின் சிறுபான்மை மதத்தினரான யசீதிகளின் கோச்சோ கிராமத்தில் 2019 மார்ச்சில் முறையாகத் தோண்டத் தொடங்கினார்கள். அடையாளம் காணப்பட்ட முதல் நூற்றுச் சொச்சம் பேர் ஊர் திரும்பி அடக்கமானது 2021 பிப்ரவரியில். கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுகள். சிரியாவில் இதைவிடப் பல மடங்கு ஆகும். அதனால் மாதிரி கொடுக்கும் அன்றே பதிவு எண் எழுதிய ஒப்புகைச் சீட்டையும், அந்தத் தகவல் யார் கைக்குப் போகும் என்ற எழுத்துபூர்வ உறுதியையும் கேட்டு வாங்க வேண்டும்.