முழுப்பருப்பும் தேய்ந்துபோன ரேகையும்

கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டம் பக்கம் தோல் மருத்துவம் பார்க்கிறவருக்கு, நோயாளி என்ன வேலை செய்கிறார் என்று கேட்கும் தேவை பெரும்பாலும் வராது. கையை மேசைமேல் வைத்தாலே தெரிந்துவிடும். சிமெண்ட் பட்டுச் சொரசொரத்துப் போன கொத்தனாரின் கை ஒரு மாதிரி, ரப்பர் பால் வெட்டுகிறவரின் கை வேறு மாதிரி. விரல் நுனியெல்லாம் கறுத்து, உள்ளங்கைத் தோல் ஏடு ஏடாக உரிந்து, மடிப்புகளில் வெடிப்பு ஓடியிருந்தால் அது அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், வேலை செய்யும் பெண்ணின் கை. கிறிஸ்துமஸ் கேக்குக்கும் தீபாவளிப் பெட்டிக்கும் ஆர்டர் குவியும் மாதங்களில் அப்படிப்பட்ட கைகள் கூடுதலாக வரும்.

முந்திரிக்கொட்டையின் தோட்டுக்குள், அதாவது மேலோட்டுக்குள், தேன்கூடு போன்ற அறைகளில் ஒரு எண்ணெய் இருக்கிறது. அதில் உள்ள அனகார்டிக் அமிலமும் கார்டாலும்தான் தோலைப் பொசுக்குகின்றன. சேங்கொட்டையும் மாமரமும் இதே குடும்பம். மாங்காய்ப் பால் பட்டு உதடு பொத்துப்போவதும், துணியில் சலவைக்குறி போடச் சேங்கொட்டைச் சாறு பயன்பட்டதும் இந்தக் குடும்பத்தின் குணத்தால்தான். கோடை விடுமுறையில் கொல்லாம் அண்டியை, அதாவது முந்திரிக்கொட்டையை, சருகில் சுட்டுத் தின்று, வாய் வெந்து வரும் பிள்ளைகளை இப்போதும் எப்போதாவது பார்க்கிறேன். முன்பு நிறைய வருவார்கள். மரங்களே குறைந்துவிட்டன, என்ன செய்ய!

எண்ணெய் பட்ட இடம் நேரடியாக வெந்து கறுத்து உரிவது ஒரு வகை. இது யாருக்கும் வரும். இன்னொன்று ஒவ்வாமை. தொட்ட ஓரிரு நாள் கழித்து முழங்கை வரை தடிப்பும் அரிப்பும் கிளம்பும். அதே கையால் முகத்தைத் தொட்டிருந்தால் கண் இமை வீங்கிவிடும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அடுத்து சிறு துளி பட்டாலும் போதும். மருந்தில் அடங்கும், மறுபடி வேலைக்குப் போனால் மறுபடி வரும்.

கையுறை போடக் கூடாதா என்று எல்லோரும் கேட்பார்கள். நானும் கேட்டிருக்கிறேன்.

"கையுறை போட்டா பருப்பு பொடிஞ்சு போவும் டாக்டரே. பொடிஞ்சா கூலி குறையும், பின்ன என்ன செய்ய?" என்றார் ஒரு அக்கா. பேசும்போதே இரண்டு கையையும் சேலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்.

அவர் வந்தது அரிப்புக்காகக்கூட இல்லை. ரேஷன் கடையில் விரலை வைத்தால் இயந்திரம் ஏற்க மறுக்கிறது, அதற்கு ஒரு சான்றிதழ் வேண்டும் என்று வந்திருந்தார். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் வரிகள் இல்லை, காய்ந்த வாழை மட்டைபோல வழவழவென்று இருந்தது. கொட்டையைப் பிடிப்பதும் பருப்பை நெம்பி எடுப்பதும் அந்த இரண்டு விரல்கள்தானே.

பல இடங்களில் கூலி எடைக்குத்தான். அதிலும் முழுதாக வரும் பருப்புக்கு மதிப்பு அதிகம். கையால் உடைத்து, தொலி உரித்து, தரம் பிரிக்கிற வேலை முழுக்க விரல் நுனியின் உணர்வை நம்பி நடக்கிறது. தடித்த கையுறையில் அந்த உணர்வு போய்விடும், வேகமும் போய்விடும். அதனால் சாம்பலையோ எண்ணெயையோ பூசிக்கொண்டு வெறுங்கையோடு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

இந்த இடத்தில்தான் வாங்குகிற நாம் உள்ளே வருகிறோம். கடையில் பாக்கெட்டின் மேல் டபிள்யூ 320, டபிள்யூ 240, டபிள்யூ 180 என்று போட்டிருக்கும். ஒரு பவுண்டுக்கு, அதாவது சுமார் 454 கிராமுக்கு, எத்தனை முழுப்பருப்பு நிற்கும் என்ற கணக்கு அது. எண் குறையக் குறையப் பருப்பு பெரியது, விலையும் பெரியது. வெள்ளையாக, கீறல் விழாமல், நுனி உடையாமல் இருக்க வேண்டும். அந்த அழகுக்காகத்தான் நாம் கூடுதலாகக் காசு கொடுக்கிறோம். வீட்டுக்கு வந்ததும் என்ன செய்கிறோம்? இரண்டாகப் பிளந்து நெய்யில் வறுத்துப் பாயசத்தில் போடுகிறோம். உடையாமல் வர வேண்டும் என்று ஒருத்தி கையுறையைக் கழற்றுகிறாள், நாம் அதை வாங்கிவந்து உடைக்கிறோம். எனக்கு இதைவிட அபத்தமான செலவு சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

நம் மாவட்டத்து ஆலைகளுக்கு உள்ளூர்க் கொட்டை போதாது. ஐவரி கோஸ்ட், பெனின், கானா, தான்சானியா என்று ஆப்பிரிக்காவிலிருந்து தோட்டோடு கப்பலில் வருகிறது. ஏறக்குறைய 4 கிலோ கொட்டை உடைத்தால்தான் 1 கிலோ பருப்பு தேறும். மீதி தோடும் தொலியும். நாம் தின்னாத முக்கால் பங்கையும் கடல் தாண்டி ஏற்றி வருகிறோம். எண்ணெய் பிழிந்த தோடு அப்புறம் எரிபொருளாகப் போகிறது. அந்தப் புகையின் காரம் என்னவென்று ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களைக் கேட்டால் தெரியும்.

தோட்டத்திலேயே நடந்த கேட்டுக்குக் கேரளத்தின் காசர்கோடு ஒன்றே உதாரணம் போதும். முந்திரித் தோட்டங்களில் தேயிலைக் கொசு என்ற பூச்சியை ஒழிக்க 1970களின் கடைசியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்தைத் தெளித்தார்கள். கீழே வீடுகள், கிணறுகள், ஓடைகள். பிறவிக் குறைபாடுகளும் நரம்பு நோய்களும் அந்தக் கிராமங்களிலிருந்து தொடர்ந்து பேசப்பட்டன. 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த மருந்துக்குத் தடை போட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லிக் கேரள அரசுக்கு உத்தரவு வந்தது 2017 ஜனவரியில். இந்தச் செலவு எந்தக் காலத்திலும் பாக்கெட்டின் விலைச் சீட்டில் ஏறியதில்லை.

முந்திரி வாங்குவதை நிறுத்துங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆலை மூடினால் முதலில் அடுப்பு அணைவது அந்த அக்கா வீட்டில்தான். பாயசம், கேக், குருமா எதுவானாலும் பிளந்த பருப்பும் துண்டுப் பருப்பும் தாராளமாகப் போதும், ருசியில் ஒரு மாற்றமும் இல்லை, விலையும் குறைவு. உடைந்த பருப்புக்கு நல்ல விற்பனை இருந்தால் உடைத்தவளின் கூலியை வெட்டுகிற காரணமும் பலம் குறையும். உடனே நடந்துவிடாது, தெரியும். ஆலைகளிடம் மொத்தமாக வாங்குகிற பேக்கரிக்காரர்களும் கல்யாண சமையல் ஒப்பந்தக்காரர்களும் நம் ஊரில் ஏராளம். கையுறை கொடுக்கிறீர்களா, ஈஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பணம் பிடிக்கிறீர்களா என்று அவர்கள் ஒரு வார்த்தை கேட்டால் அதற்கு இருக்கும் கனம் என் மருந்துச் சீட்டுக்கு இல்லை.

வேலைக்குப் போகிறவர்களுக்குச் சில விஷயம். உட்காரும் முன் விளக்கெண்ணெய் பூசுங்கள். சாம்பல் மட்டும் போதாது, அது தோலை இன்னும் வறளச் செய்யும். கை கறுப்பு போக மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்க்காதீர்கள். சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவிவிட்டு, இரவில் வாசலின் தடவி பருத்தி உறை போட்டுத் தூங்குங்கள். மருந்துக்கடையில் அவர்களாகவே எடுத்துத் தரும் ஸ்டீராய்டு கலந்த டியூப்பை மாதக்கணக்கில் தேய்த்தால் தோல் மெலிந்து, வெடிப்பு கூடும். டாக்டரிடம் போகும்போது அண்டி ஆபீஸ் வேலை என்று சொல்லி, அதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். வேலையால் வரும் தோல் நோய் சட்டப்படி தொழில்சார் நோய். ஈஎஸ்ஐயிலோ இழப்பீடு கேட்கும்போதோ அந்த ஒரு வரி உதவும்.

ரேகை விழாதவர்கள் பயப்பட வேண்டாம். அடித்தோல் கெடாதவரை, எண்ணெய் படாமல் சில வாரம் இருந்தால் பழைய வரிகள் அதே அமைப்பில் திரும்ப முளைக்கும். அதற்குப் பிறகு ஆதார் மையத்தில் புதுப்பித்துக்கொள்ளலாம். ஆதாரில் கருவிழிப் பதிவும் இருக்கிறது, அதை வைத்துச் சரிபார்க்கச் சொல்லிக் கேட்கலாம். தோட்டு எண்ணெய் கண்ணில் தெறித்தால் கசக்காமல் ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றைக்கே கண் டாக்டரைப் பாருங்கள்.