மாஸ்க் வந்த பிறகு அப்பாவுக்குக் காது கேட்பதில்லையா?

கேட்கும் திறனைச் சோதிப்பதும் காது மெஷின் பொருத்துவதும்தான் என் வேலை. 2020 ஊரடங்குக்குப் பிறகு என்னிடம் வந்த குடும்பங்கள் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "கொரோனா வந்ததிலிருந்து அப்பாவுக்குக் காது மந்தமாயிடுச்சு மேடம்." டெஸ்ட் பண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் அது பல வருடமாகவே இருந்த குறை. இத்தனை நாளும் பாதியைக் காதால் கேட்டு, மீதியை எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்துச் சமாளித்து வந்திருக்கிறார், அது அவருக்கே தெரியாது. எல்லாரும் மாஸ்க் போட்டதும் அந்த மீதி போய்விட்டது.

உதட்டை மறைப்பது போதாதென்று மாஸ்க் சத்தத்தையும் வடிகட்டுகிறது, அதுவும் 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கும் கூர்மையான ஒலிகளை. சாதாரண சர்ஜிகல் மாஸ்க் 3, 4 டெசிபல் குறைக்கும், என்95 கிட்டத்தட்ட 12 டெசிபல். வயதானால் முதலில் அடிபடுவதும் இதே ஒலிகள்தான், க, ச, த, ப எது எது என்று பிரித்துக் காட்டுவதில் பெரும்பங்கும் இவற்றுக்குத்தான். அதனால் கடை, தடை, படை எல்லாமே அவர் காதில் "அடை" என்று விழும். முகம் தெரிந்திருந்தால் 'ப'வுக்கு உதடு ஒட்டுவதைப் பார்த்தே பிடித்திருப்பார்.

எண்கள் இன்னும் மோசம். மருந்துக்கடை கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து "அறுபது ரூபா" என்றால் இவருக்குக் கேட்பது "...பது" மட்டும், இருபதா, அறுபதா, எழுபதா என்று அவரே யூகித்துக்கொள்ள வேண்டியதுதான். "அறுபது, ஆறு பூஜ்யம்" என்று பிரித்துச் சொன்னால் போதும். மாத்திரை விஷயம் என்றால் எழுதியே கொடுத்துவிடுங்கள்.

தயவுசெய்து கத்தாதீர்கள். கத்தும்போது உயிரெழுத்துகள்தான் பெரிதாகின்றன, மெய்யெழுத்துகள் மங்கலாகவே நிற்கின்றன, அதோடு பாதி முகம் மூடியிருக்கும்போது கத்தினால் அவருக்குப் போய்ச் சேருவது உங்கள் கோபம் மட்டும். முதலில் பெயர் சொல்லியோ "அப்பா" என்றோ கூப்பிட்டு, அவர் திரும்பிப் பார்த்த பிறகு, என்ன விஷயம் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டு ("கரண்ட் பில்லு பத்தி") அப்புறம் நிதானமாகப் பேசுங்கள். டிவியை அணைத்துவிடுங்கள். புரியவில்லை என்றால் அதே வாக்கியத்தையே மூன்று தடவை சொல்லாமல் வேறு வார்த்தையில் சொல்லிப் பாருங்கள். ஆண்ட்ராய்டு போனில் லைவ் டிரான்ஸ்கிரைப் என்று ஒரு செயலி இருக்கிறது, நாம் பேசுவதைத் தமிழிலேயே எழுத்தாகக் காட்டும், கொஞ்சம் தப்பும் தவறுமாக இருந்தாலும் ஆஸ்பத்திரியில் கைகொடுக்கும்.

பேசும்போது மட்டும் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்குகிறோமே, அது வேண்டாம், சும்மா இருப்பதைவிடப் பேசும்போது எச்சில் அதிகமாகத் தெறிக்கும். உதடு தெரிகிற பிளாஸ்டிக் ஜன்னல் வைத்த மாஸ்க் உதட்டைப் படிப்பவர்களுக்கு உதவும், ஆனால் சத்தத்தைத் துணி மாஸ்க்கைவிட அதிகமாகத் தடுக்கும். முகம் பார்த்துப் பேச வீடியோ கால்தான் நல்லது, பேரன் பக்கத்துத் தெருவில் இருந்தாலும் சரி.

காது மெஷின் போட்டிருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மாஸ்க் கயிறும் மெஷினும் ஒரே காதுமடலுக்குப் பின்னால் நெருக்கியடிப்பதால், கழற்றும்போது மெஷினும் கூடவே வந்து விழுகிறது, பஸ் ஸ்டாண்டில் தொலைத்துவிட்டு வருபவர்கள் உண்டு. தலைக்குப் பின்னால் கட்டுகிற மாஸ்க் வாங்குங்கள். இல்லையென்றால் ஒரு ரிப்பனின் இரு முனையிலும் சட்டை பட்டன் தைத்து, அதைப் பின்தலையில் வைத்துக் கயிற்றை அதில் மாட்டிக்கொள்ளலாம்.

எதைக் கேட்டாலும் பெரியவர் "ம், சரி" என்று தலையாட்டுகிறாரா, சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறாரா, கூட்டமாக உட்கார்ந்தால் எழுந்து போய்விடுகிறாரா? மறதி வந்துவிட்டது என்று நீங்களே முடிவு கட்டுவதற்கு முன் ஒரு காது டெஸ்ட் எடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் எடுக்கலாம். சிலருக்கு வெறும் குரும்பி அடைத்திருக்கும், எடுத்துவிட்டால் அன்றைக்கே சரி. அதற்காக வீட்டில் ஊக்கு விட்டுக் குடையாதீர்கள்.